கோர்பச்சேவின் சீர்திருத்தம்: வாய் திறந்தது, வயிறு நிறையவில்லை

சோவியத் யூனியன் ஏன் உடைந்தது என்று கேட்டால், ஆப்கானிஸ்தானில் அது அடைந்த தோல்வியைத்தான் நம்மில் பலர் உடனே சொல்வோம். அது ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1985 முதல் 1991 வரை ரஷ்யாவின் உள்ளே நடந்தவற்றைப் பார்க்காமல் அந்த வீழ்ச்சியை நாம் முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது.

மிகைல் கோர்பச்சேவ் 1985 மார்ச்சில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளரானார். அப்போது அவருக்கு வயது 54. அவர் கம்யூனிசத்தை ஒழிக்க வரவில்லை. பழுது பார்க்கவே வந்தார். பொருளாதாரத்தைச் சீரமைக்கும் பணிக்கு 'பெரஸ்த்ரோய்கா' என்றும், ஒளிவுமறைவற்ற நிர்வாகத்துக்கு 'கிளாஸ்னோஸ்த்' என்றும் பெயரிடப்பட்டது. இவற்றில் இரண்டாவது ஓடியது, முதலாவது தடுமாறியது.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் தோன்றி அதுபற்றிப் பேச 18 நாட்கள் ஆயின. மறைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த விபத்து உணர்த்தியது. அதே ஆண்டு டிசம்பரில், கார்க்கி நகரில் அடைபட்டிருந்த அறிவியலாளர் சகாரோவ் மாஸ்கோ திரும்ப அனுமதிக்கப்பட்டார். தடை செய்யப்பட்டிருந்த நூல்கள் அச்சேறின. ஸ்டாலின் காலத்துக் கொலைகளைப் பத்திரிகைகள் எழுதின. 1989 மார்ச்சில் நடந்த மக்கள் பிரதிநிதிகள் தேர்தலில் கட்சியின் பெரும்புள்ளிகள் பலர் தோற்றனர். அந்த அவையின் விவாதங்களை நாடே தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்தது.

சமய விஷயத்திலும் மாற்றம் அவர் எண்ணியதைத் தாண்டிச் சென்றது. 1986 நவம்பரில் தாஷ்கண்டில் பேசிய கோர்பச்சேவ், மத நம்பிக்கைகளுக்கு எதிராக உறுதியாகப் போராடுமாறு கட்சியினருக்குச் சொன்னார். நான்கே ஆண்டுகளில், 1990 அக்டோபரில், மனசாட்சிச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்த பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் திறக்கப்பட்டன. எனினும் இந்தத் தளர்வுக்கும் எல்லை இருந்தது. 1990 ஜனவரியில் பாகூ நகருக்குள் ராணுவம் புகுந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை நாம் மறக்கலாகாது.

மறுபுறம், மக்களின் அன்றாட வாழ்க்கை சரிந்துகொண்டிருந்தது. 1985 மே மாதம் தொடங்கிய மது எதிர்ப்பு நடவடிக்கை நல்ல நோக்கம் கொண்டதுதான். ஆனால் அரசின் வரி வருவாய் வெகுவாகக் குறைந்தது. வீடுகளில் கள்ளச்சாராயம் காய்ச்சியதால் கடைகளில் சர்க்கரை தீர்ந்தது. 1986-ல் எண்ணெய் விலையும் வீழ்ந்தது. பழைய திட்டமிடல் முறை தளர்ந்தது. அதன் இடத்தில் சந்தை உருவாகவில்லை. வரிசைகள் நீண்டன, கூப்பன்கள் வந்தன. 1991 ஜனவரியில் 50, 100 ரூபிள் தாள்கள் செல்லாது என்று திடீரென அறிவித்து, மாற்றிக்கொள்ள மூன்றே நாள் அவகாசம் கொடுத்தார்கள். ஏப்ரலில் அரசே விலைகளை உயர்த்தியது.

பசித்தவனுக்குப் பேசும் உரிமை கிடைத்தால் அவன் முதலில் பசியைப் பற்றித்தான் பேசுவான். முன்பு அச்சம் அந்தக் குரலை அடக்கியிருந்தது. அச்சத்தை நீக்கிய ஆட்சியிடம் ரொட்டி இல்லை. 1991 ஆகஸ்டில் கட்சியின் கடும்போக்காளர்கள் ஆட்சியைக் கைப்பற்ற முயன்று மூன்றே நாட்களில் தோற்றார்கள். டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவ் பதவி விலகினார்.

1990-ல் உலகம் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கியது. 1996 ரஷ்ய அதிபர் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளே. சுதந்திரம் தந்தவரை மக்கள் ஏன் கைவிட்டார்கள் என்று கேட்பவர்கள், அந்த வெறுமையான கடை அலமாரிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதே நமது கருத்து.