டெலானோவின் முந்திரிகை: ஒரு பகிஷ்கரிப்பின் மிச்சம்

கடந்த இதழில் நண்பர் ஒருவர் உணவிலுள்ள நஞ்சு பற்றி எழுதியிருந்தார். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழத்தை எத்தனை தரம் கழுவுவது, மருந்தடிக்காத மரக்கறியை வாங்கும் வசதி யாருக்கு உண்டு என்பன அவரது கவலைகள். நியாயமான கவலைகள்தான். ஆனால் அக்கட்டுரை முழுவதிலும் உண்பவர் மட்டுமே இருந்தார், பறிப்பவரைக் காணவில்லை. இதை எழுதத் தூண்டியது அந்த இன்மைதான்.

நான் ரொறொன்ரோவில் பழம் பொதியிடும் பக்ரறி ஒன்றில் இரவு வேலை செய்பவன். ஒருகாலத்தில் பொருளாதார வரலாறு படிப்பித்தவன். கோடை முடிவில் எங்களிடம் வரும் முந்திரிகைப் பெட்டியைத் திறந்தால் முதலில் மூக்கைத் தாக்குவது கந்தக நெடி. பூஞ்சணம் பிடியாதிருக்கப் பழத்தின் மேல் வைக்கும் தாளிலிருந்து வருவது அது. பெட்டியில் சிலவேளை ஓர் ஊர்ப்பெயர் அச்சிடப்பட்டிருக்கும்: டெலானோ, கலிபோர்னியா. பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது வெறும் முகவரி. எனக்கோ, விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நான் ஒருபோதும் சொல்லிக்கொடுக்காத ஒரு வரலாறு.

1965 செப்டெம்பர் 8 ஆம் திகதி டெலானோவின் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் லாரி இற்லியோங் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு கிழமையில் செசார் சாவேஸின் மெக்சிக்கத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்துகொண்டது. கேட்டது கூலி உயர்வு. தோட்டத்தில் வெல்லமுடியாத போராட்டத்தைச் சங்கம் கடைத்தெருவுக்குக் கொண்டுபோயிற்று: முந்திரிகையை வாங்காதீர்கள். பகிஷ்கரிப்பு கனடாவுக்கும் வந்தது. 1968 நவம்பர் 23 ஆம் திகதியை ரொறொன்ரோ மேயர் வில்லியம் டெனிசன் 'முந்திரிகை நாள்' எனப் பிரகடனம் செய்தார். இந்நகரில் அதற்காக வேலை செய்தவர்களில் ஒருத்தி ஜெசிக்கா கோவியா. தோட்டத் தொழிலாளியின் மகள், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளம்பெண்.

கோவியாவை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெலானோவில் தொழிலாளர் முறைப்பாடுகளைக் கேட்கும் வேலையில் இருந்தபோது, தலையிடி, தலைச்சுற்று என்று வந்த பெண்களின் பேச்சை அவர் அலட்சியம் செய்யவில்லை. கிருமிநாசினிப் பிரச்சினையைச் சங்கத்தின் சட்டத்தரணி ஜெரி கோஹனிடம் கொண்டுபோனவர்களுள் அவர் முக்கியமானவர். 1968 ஓகஸ்டில் கோஹன், எந்தத் தோட்டத்தில் என்ன அடித்தார்கள் என்ற பதிவேட்டைப் பார்க்கக் கேர்ன் மாவட்ட விவசாய அலுவலகத்துக்குப் போனார். பார்க்கவிடாது நீதிமன்றத் தடையுத்தரவு வந்தது. அடித்த நஞ்சின் பெயர் வியாபார இரகசியமாம்! சுவாசித்தவனுக்கு அதை அறிய உரிமையில்லை.

அதன் பிறகுதான் சங்கம் உண்பவரின் பயத்தையும் கையிலெடுத்தது. 1969ல், செனற்றர் வோல்ற்றர் மொண்டேல் தலைமையிலான உபகுழுவின் முன், வாஷிங்டன் கடையொன்றில் வாங்கிய முந்திரிகையில் பத்து இலட்சத்துக்கு 18 பங்கு அல்டிரின் இருந்ததாகச் சங்கம் பரிசோதனை முடிவொன்றைச் சமர்ப்பித்தது. கலிபோர்னியாவின் செனற்றர் ஜோர்ஜ் மேர்பி அதைக் கடுமையாகத் தாக்கினார். அந்த முடிவு எவ்வளவு உறுதியானது என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். நகரத்துத் தாய்மார் முதற்தடவையாகப் பறித்தவளையும் பழத்தையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தார்கள் என்பதே எனக்கு முக்கியம். 1970 யூலையில் டெலானோ முதலாளிகள் கையொப்பமிட்டனர். அந்த ஒப்பந்தங்கள் டி.டி.ரி., அல்டிரின் போன்றவற்றைத் தடைசெய்தன; மருந்தடிப்பு விடயத்தில் தொழிலாளர்களும் அமரும் குழுக்களை உருவாக்கின. டி.டி.ரி.யை அமெரிக்க அரசு தடைசெய்ததோ 1972ல்தான்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஒப்பந்தங்கள் 1973ல் காலாவதியாகின. முதலாளிகளில் பெரும்பாலோர் போட்டிச் சங்கமொன்றுடன் சேர்ந்துகொண்டார்கள். தொழிலாளரின் குழுக்களும் அத்தோடு போயின. அரசின் டி.டி.ரி. தடை மட்டும் நிலைத்தது. உண்பவருக்குக் கிடைத்தது சட்டமாயிற்று. பறிப்பவருக்குக் கிடைத்தது மூன்று வருட ஒப்பந்தமாகவே முடிந்தது.

டி.டி.ரி.யின் இடத்துக்கு வந்தவை எவை? பெரும்பாலும் பரத்தியோன் இனத்தைச் சேர்ந்த சேதனப் பொசுபரசு நஞ்சுகள். டி.டி.ரி. வருடக்கணக்கில் அழியாது, கொழுப்பில் தங்கும். பரத்தியோன் வெகுவிரைவில் சிதைந்துவிடும். ஆகவே பழம் மேசைக்கு வரும்போது எச்சம் குறைவு. ஆனால் நரம்புகளைத் தாக்கும் அதன் வேகம் வேறு. இலையில் படிந்து அதைவிடக் கொடிய சேர்வையாக மாறக்கூடியது. 1963ல் கலிபோர்னியாவில் பீச் பழம் பறித்தவர்கள், மருந்தடித்து நாட்கள் கழிந்தபின் தோட்டத்துக்குள் போயும் நஞ்சேறி விழுந்தார்கள். மேசை சுத்தமாகியது, அதன் விலையைக் கைகள் கொடுத்தன.

1988ல் சாவேஸ் 36 நாள் உண்ணாவிரதமிருந்தபோது விலக்கக் கோரிய ஐந்து நஞ்சுகளில் பரத்தியோனும் ஒன்று. (உண்ணாவிரதம் பற்றி நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.) அவர் 1993ல் இறந்தார். 2000ல் சங்கம் பகிஷ்கரிப்பை முடித்துக்கொண்டது. அதே 2000ல், குளோபைரிபொஸ் என்ற இன்னொரு பொசுபரசு நஞ்சை அமெரிக்க வீடுகளிலிருந்து அகற்ற உடன்பாடு வந்தது. வயல்களில் அது தொடர்ந்தது.

நம் பக்கம் வருகிறேன். எழுபதுகளில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் நல்ல காலம் என்று நானும் விரிவுரைகளில் சொல்லியிருக்கிறேன், விளைச்சல் அட்டவணைகளோடு. அப்பா அந்த அட்டவணைக்குள் இருந்தவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு, முதுகில் இயந்திரத்தைச் சுமந்து மிளகாய்க்கும் முந்திரிகைப் பந்தலுக்கும் 'மருந்து' அடித்தவர். எங்கள் மொழி அந்த நஞ்சுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். பேராசிரியர் ஜெயரட்ணமும் சகாக்களும் 1982ல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில், இலங்கையில் வருடந்தோறும் ஏறத்தாழ 13,000 பேர் கிருமிநாசினி நஞ்சால் வைத்தியசாலை போவதாகவும் ஏறத்தாழ 1,000 பேர் இறப்பதாகவும் எழுதினார்கள். பெரும்பகுதி தற்கொலை முயற்சிகள். ஆனால் தொழிலால் நஞ்சேறியவர்களும் அதில் இருந்தார்கள். பரத்தியோனை இலங்கை 1984ல் தடைசெய்தது. அக்கட்டுரையை நான் படித்தது இந்நாட்டுக்கு வந்தபின்.

எங்கள் தோட்டத்தில் கிணற்றடியோரம் ஒரு பாத்தி தனியாக இருந்தது. அதற்கு அப்பா மருந்தடிக்கமாட்டார். "இது வீட்டுக்கு" என்பார். சந்தைக்குப் போனதை நாங்கள் தின்றதில்லை. மற்றவர் மேசையில் என்ன போகிறது என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தன் கை ஏன் நடுங்குகிறது என்று அவரும் கேட்கவில்லை, படித்த மகனும் கேட்கவில்லை.

நண்பர் தமது அடுத்த கட்டுரையை எழுதும்போது, மருந்தடிக்காத அந்தப் பாத்தியை மட்டுமல்ல, அதற்கு அப்பாலிருந்த பந்தலையும் சேர்த்து எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.