தளவானூர்ப் பாறையும் குளிர்பதனக் கிடங்கின் தரையும்

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்ருமல்லேசுவராலயம் தெற்கு நோக்கியதாகையால், ஆண்டின் பெரும்பகுதி அதன் முகப்பு வெயிலை நேராக வாங்குகிறது. ஆயினும் பகலின் வெப்ப ஏற்ற இறக்கம் கருங்கல்லுக்குள் ஒரு மீட்டர் ஆழம் செல்வதற்குள் ஏறக்குறைய முற்றிலும் அடங்கிவிடுவதால், உள்மண்டபத்தில் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் உள்ள வேறுபாடு வெளியில் உள்ளதைவிட மிகக் குறைவு. பருமனால் வெப்பத்தைத் தாமதப்படுத்தி மட்டுப்படுத்தும் இத்தன்மையை வெப்ப நிலைமம் என்பர். பாறை சமன்செய்யுமே தவிரக் குளிர்விக்காது. ஆண்டுச் சராசரி 28 டிகிரி செல்சியஸ் அளவில் உள்ள இந்நாட்டில் ஆழத்துப் பாறையும் மண்ணும் ஏறத்தாழ அந்த வெப்பத்திலேயே நிற்கின்றன. தமிழகத்தில் சரக்கைக் காக்க எழுந்த கட்டடங்களின் வரலாற்றை அவற்றுள் இருந்த சரக்கைக் கொண்டே எழுதுவது வழக்கம். அவற்றின் சுவரும் தரையும் எந்த வெப்பத்தில் நின்றன என்று கேட்டால், அவ்வரலாறு வேறொரு வரிசையில் தெரிகிறது.

அவ்வரிசையில் முதலில் நிற்பவை செஞ்சிக் கோட்டையின் களஞ்சியங்கள். இராசகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலுக்கு அருகே செங்கல்லாலும் சுண்ணக் காரையாலும் எழுப்பப்பட்ட வளைவுக் கூரைக் களஞ்சியம், தடித்த சுவரும் குறைந்த திறப்பும் உடையது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது மராட்டிய மன்னர் இராசாராமின் தரப்பு நெடுங்காலம் தாக்குப்பிடித்ததில், மதிலின் உயரத்துக்கு நிகரான பங்கு இத்தகைய கிடங்குகளுக்கும் இருந்திருக்க வேண்டும். நெல்லுக்குக் குளிர்ச்சி தேவையில்லை. உலர்வும் மாறா வெப்பமுமே தேவை. குவியலின் ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் குளிர்ந்தால், குவியலுக்குள் இருக்கும் காற்று ஈரத்தைச் சுமந்து சென்று குளிர்ந்த பக்கத்தில் நீராக இறக்கும். அங்கே பூசணம் பிடிக்கும். தடித்த சுவர் அந்த வேறுபாட்டைக் குறைத்தது. செஞ்சியின் கொத்தர்கள் வெப்பமானி இல்லாமலே எட்டிய இந்தத் தீர்வு, நெல்லைப் பொறுத்தவரை, குறையற்றதாகவே தோன்றுகிறது.

குளிரைத் தேக்கிவைக்கும் கட்டடம் தமிழகத்துக்குக் கடல்வழி வந்தது. பாஸ்டன் வணிகர் பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டியை வெப்பநாடுகளில் விற்கும் தொழிலை 1806இல் மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பிய சரக்குடன் தொடங்கினார். 1833இல் டஸ்கனி என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியை ஏற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, ஏறக்குறைய நான்கு மாதங்களில் கொல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. சென்னையில் கடற்கரையை ஒட்டி 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்தின் கிடங்கு. இரட்டைச் சுவர், இடையே மரத்தூள் போன்ற வெப்பங்கடத்தாப் பொருள், உருகும் நீரை உடனே வெளியேற்றும் வடிகால் ஆகியவை இத்தகைய கிடங்குகளின் இலக்கணம். டியூடர் தம் தொடக்ககாலச் சோதனைகளின்போது ஹவானாவில், கிடங்கிலிருந்து மணிக்கு எவ்வளவு நீர் வடிகிறது என்று அளந்து, அந்த அளவு குறையும்வரை சுவரின் அமைப்பை மாற்றிப் பார்த்தார். வடியும் நீர் சுவர் வழியே நுழைந்த வெப்பத்தின் நேரடிக் கணக்காகையால், கட்டடத்தைக் கண்காணிக்க அதைவிட எளிய கருவி அன்று கிடைத்திருக்காது.

நீராவி எந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் தொழில் சென்னையில் 1870களில் வேரூன்றியதும், கப்பல் ஐஸின் வணிகம் படுத்தது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், காற்றோட்டமில்லாத அதைக் குடியிருப்பாக்கச் சன்னல்களையும் வட்ட வராந்தாக்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கியது இவ்வாறு திருத்தப்பட்ட கட்டடத்தில்தான். வெப்பத்தை வெளியே நிறுத்தக் கட்டிய சுவருக்குள் மனிதர் வசதியாக வாழ முடியாது என்பதற்கு, இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் அவ்வீட்டின் சன்னல்களே போதிய சான்று.

எந்திரக் குளிரூட்டல் பரவியபின் கட்டடம் எதிர்கொண்ட சிக்கலே வேறாயிற்று. உருளைக்கிழங்கை 2 முதல் 4 டிகிரியில் வைக்கும் வடநாட்டுக் கிடங்குகளில் வெப்பத்தடுப்புக்கு நெல் உமி நெடுங்காலம் பயன்பட்டது. உமி மலிவு, ஆனால் ஈரம் இழுத்தால் அதன் தடுப்புத்திறன் போய்விடும். வெளிக்காற்றின் நீராவி குளிர்ந்த பக்கத்தை நோக்கியே நகரும் என்பதால், சுவரின் வெளிப்புறத்தில், அதாவது சூடான பக்கத்தில், நீராவி புகாத ஏடு ஒன்றை இடைவெளியின்றி ஒட்ட வேண்டியதாயிற்று. உமிக்குப் பின் தெர்மோகோலும் பாலியூரிதேன் நுரைப் பலகைகளும் வந்தபோதும் இவ்விதி மாறவில்லை.

கொச்சியிலிருந்து 1953இல் உறைந்த இறால் அமெரிக்காவுக்குச் செல்லத் தொடங்கியபின், கேரளக் கரையிலும் தூத்துக்குடி வட்டாரத்திலும் சுழியத்துக்குக் கீழ் 18 டிகிரியும் அதற்குக் கீழும் வைக்கும் அறைகள் பெருகின. இவற்றில் இடர் தரைக்கடியில் இருக்கிறது. பல ஆண்டுகள் இடைவிடாமல் கீழிறங்கும் குளிர் மண்ணின் வெப்பத்தைச் சுழியத்துக்குக் கீழே கொண்டுபோனால் மண்ணிலுள்ள நீர் உறைகிறது. உறையும் நீர் ஒன்பது விழுக்காடு பெருப்பது சிறு பங்கே. களிமண்ணிலும் வண்டலிலும் நுண்துளைகள் வழியே கீழிருந்து மேலும் மேலும் நீர் ஏறி, உறையும் எல்லையில் பனிக்கட்டி ஏடுகளாகத் திரண்டு, மேலுள்ள கான்கிரீட் தரையையும் தூண்களையும் தூக்கிவிடும். இதை உறைவுப் புடைப்பு என்று சொல்லலாம். தமிழகத்து மண்ணின் இயற்கைச் சூடு இதைத் தாமதப்படுத்தும். பெரிய கிடங்கின் நடுப்பகுதிக்கு ஓரத்து மண்ணின் சூடு எட்டாதாகையால் தடுக்காது.

ஆகவே தரைக்கடியில் தடித்த வெப்பத்தடுப்பு அடுக்கும், அதற்கும் கீழே மின்சூடேற்றக் கம்பியோ, கம்ப்ரசர் வெளிவிடும் கழிவுவெப்பத்தால் சூடாக்கிய கிளைக்கால் (glycol) என்னும் உறைவுத்தடுப்பு நீர்மம் ஓடும் குழாயோ பதிக்கப்படுகின்றன. வெளிக்காற்று ஊடாடும் இடைவெளியின் மேல் தரையைத் தூக்கிக் கட்டுவதும் உண்டு, நம் தட்பவெப்பத்துக்கு அதுவே பொருத்தமானது. உறையவைக்கும் அறைக்கடியில் சூடேற்றுவது விந்தையாகத் தோன்றினாலும், மண்ணைச் சுழியத்துக்கு மேல் சில டிகிரியில் நிறுத்துவதே நோக்கம். அதைச் சரிபார்க்கப் பிளாட்டின உணரிகள், அதாவது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் கம்பிச்சுருள்கள், தரைக்கடியில் பல இடங்களில் பதிக்கப்படுகின்றன. சில இடங்களில் மட்டும் வெப்பம் சரிந்தால் அங்கே சூடேற்றும் சுற்று அறுந்திருக்கலாம். எல்லா இடங்களிலும் ஒருசேரச் சரிந்தால் கோளாறு பொதுவான மின்வழியிலோ கிளைக்கால் பம்பிலோ இருக்கலாம்.

புதுக் கிடங்கை முதன்முதலாகக் குளிர்விப்பதில் பொறுமை வேண்டும். 30 டிகிரியிலிருந்து சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரிக்கு இறங்கும் 100 மீட்டர் எஃகுச் சட்டம் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் சுருங்கும். கான்கிரீட்டும் சற்றுக் குறைவாகச் சுருங்கும். அதனால் வெப்பத்தைப் படிப்படியாகக் குறைத்து, சுழியத்துக்குச் சற்று மேலே சில நாள்கள் நிறுத்திக் கான்கிரீட்டின் ஈரத்தை வாங்கியபின்னரே உறைநிலைக்குக் கீழே இறக்குவர். உணரிகளைக் கான்கிரீட்டில் நேரே புதைக்காமல், பழுதானால் உருவி மாற்றத்தக்கதாகக் குழாய்க்குள் விடுவதே நல்ல வழக்கம். ஏனெனில் தரை ஒருமுறை புடைத்துவிட்டால் சரக்கை முழுதும் காலிசெய்து, மண் சேறாகிச் சரியாதபடி மாதக்கணக்கில் மெல்ல உருகவிடுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை.