சைக்கிளை வீட்டிலேயே பராமரிக்கணுமா? முதலில் எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

பூங்கா இணைப்புப் பாதையில் பத்து நிமிடம் நின்றால் போதும். 'கிறீச் கிறீச்' என்று முனகிக்கொண்டே போகும் சைக்கிள் ஒன்றாவது கண்ணில் படும். சிங்கப்பூரின் மழைக்கும் ஈரப்பதத்துக்கும் செயின் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. அதைச் சரிசெய்வது பெரிய வேலையும் இல்லை.

ஆனால் அதற்காக இணையத்தில் கருவி தேடினால் வந்து விழுவது 40 கருவிகள் கொண்ட பெட்டி. விலையும் கவர்ச்சியாக இருக்கும். உடனே வாங்கிவிடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்க.

பெட்டியாக வாங்கினால் என்ன பிரச்சினை?

அதில் இருக்கும் பாதிக் கருவிகள் உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தாது. நானும் அப்படி ஒரு பெட்டியை வாங்கியவன்தான். இரண்டு ஆண்டில் அதிலிருந்து வெளியே எடுத்தது ஐந்தே கருவி.

பயன்படாமல் கிடப்பதுகூடப் பரவாயில்லை. மலிவான பெட்டிகளில் ஆலன் கீயின் இரும்பு மென்மையாக இருக்கும். இறுக்கித் திருப்பும்போது அதன் முனை மழுங்கும். போல்ட்டின் அறுகோணக் குழியும் வட்டமாகிவிடும். அப்புறம் எந்தக் கீயும் பிடிக்காது. கடைக்காரர் துளை போட்டுத்தான் அதை எடுக்கவேண்டும். மிச்சம்பிடித்த காசு அங்கே போய்விடும்.

அதனால் பெட்டியை விட்டுவிட்டு, நல்ல ஆலன் கீ செட் ஒன்று வாங்குங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் அதிகம் தேவைப்படுவது 4, 5, 6 மில்லிமீட்டர் அளவுகள்தான். டிஸ்க் பிரேக் இருந்தால், நட்சத்திர முனை கொண்ட டி25 அளவும் வேண்டியிருக்கலாம். ஹேண்டில்பாரோ சீட் கம்பியோ கார்பனால் ஆனதா? அப்படியென்றால் கை அளவை நம்பாதீங்க. எத்தனை நியூட்டன் மீட்டருக்கு இறுக்கலாம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அதை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் தேவை.

வாங்குவதற்கு முன்னால் டயரைப் படியுங்க

விளையாட்டாகச் சொல்லவில்லை. டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்கள்தான் உங்கள் கொள்முதல் பட்டியல்.

சிங்கப்பூரில் மடக்கு சைக்கிள் ஓட்டுவோர் நிறைய. அவர்கள் அடிக்கடி ஏமாறுவது இங்கேதான். '20 அங்குலம்' என்று சொல்லி டயர் வாங்கி வருவார்கள். வீட்டில் வந்து மாட்டினால் சேராது. ஏனென்றால் 20 அங்குலத்திலேயே இரண்டு வகை பரவலாக இருக்கின்றன. ஒன்றின் விளிம்பு விட்டம் 406 மில்லிமீட்டர், மற்றொன்று 451. 16 அங்குலத்திலும் அதே கதை: 305 ஒன்று, 349 ஒன்று. பிராம்ப்டன் சைக்கிளில் இருப்பது 349.

எப்படிக் கண்டுபிடிப்பது? டயரில் '47-406' அல்லது '28-451' என்பதுபோல ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது விளிம்பின் விட்டம். அந்த இரண்டாவது எண்தான் முக்கியம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டியூப் வாங்கும்போதும் அதைக் காட்டினால் போதும்.

அடுத்து, காற்றடிக்கும் வால்வு. காரில் இருப்பதைப்போல் தடிமனாக இருந்தால் ஷ்ரேடர். மெலிந்து, உச்சியில் குட்டித் திருகு இருந்தால் பிரெஸ்டா. பிரெஸ்டாவில் அந்தத் திருகைத் தளர்த்தாமல் எவ்வளவு பம்ப் அடித்தாலும் காற்று ஏறாது. முதல்முறை அடிப்பவர்கள் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைப்பதற்கு இதுதான் காரணம்!

காசு செலவு செய்ய வேண்டிய இடம்: பம்ப்

ஒரே ஒரு பொருளுக்குத்தான் கொஞ்சம் தாராளமாகச் செலவிடலாம் என்றால், அது அழுத்தமானியுடன் கூடிய தரைப் பம்ப். இரண்டு வகை வால்வுக்கும் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். பையில் போட்டுக்கொள்ளும் குட்டிப் பம்ப் வழியில் உதவும். வாராவாரம் அதில் காற்றடித்தால் கைதான் வலிக்கும்.

எவ்வளவு காற்று? அதுவும் டயரிலேயே, பிஎஸ்ஐ அளவில் இருக்கிறது. காற்று குறைவாக இருக்கும்போது மேடுபள்ளத்தில் மோதினால், விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் விழும். அப்படிப் பார்த்தால் ஆணியைத் தேட வேண்டாம், காற்று போதவில்லை என்று அர்த்தம்.

பஞ்சர் ஒட்ட பிளாஸ்டிக் டயர் நெம்புகோல் இரண்டு, ஒட்டுத்துண்டுகள், பசை, உப்புத்தாள். இதில் மலிவானதே போதும். பசையைப் பெரிய குழாயாக வாங்காதீங்க, ஒருமுறை திறந்தால் உள்ளேயே காய்ந்துவிடும். பசை தடவியதும் உடனே ஒட்டக்கூடாது. ஈரம் போய் மங்கலாகும்வரை சில நிமிடம் காத்திருக்கணும். டியூபை மாட்டுவதற்கு முன்னால் டயரின் உட்புறத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லோ கம்பித் துண்டோ அங்கேயே இருந்தால், புது டியூபும் அரை மணி நேரத்தில் போய்விடும். உணவு விநியோகத்துக்கு சைக்கிள் ஓட்டுபவருக்கு அது ஒரு மாலை நேர வருமானம்.

செயினுக்கு எந்த எண்ணெய்?

வீட்டில் இருக்கும் டபிள்யூடி-40 போதாதா என்று பலர் கேட்பதுண்டு. அதன் வழக்கமான நீலக் குப்பி துருவையும் அழுக்கையும் தளர்த்த உதவும். ஆனால் அது செயினில் நெடுநாள் தங்கும் எண்ணெய் இல்லை. அதை அடித்துவிட்டு அப்படியே ஓட்டினால், சில நாளில் பழைய சத்தம் திரும்பிவிடும். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிசுபிசுப்பாகி அழுக்கை இழுக்கும்.

செயின் எண்ணெயில் இரண்டு ரகம். 'வெட்' ரகம் மழையில் எளிதில் கழுவிப்போகாது, ஆனால் தூசியைப் பிடித்துவைக்கும். 'டிரை' ரகம் சுத்தமாக இருக்கும், ஒரு நல்ல மழையில் போய்விடும். மழையானாலும் வேலைக்கு சைக்கிளில் போகிறவர் முதலாவதை வாங்கலாம். வெயில் நாளில் மட்டும் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ஓட்டுபவருக்கு இரண்டாவது போதும்.

ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பிறகு பழைய டி-ஷர்ட்டால் வெளியே இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். உள்ளே இருப்பதுதான் வேலை செய்யும். துலக்க பழைய பல்துலக்கியும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். சைக்கிளுக்கென்று தனித் தூரிகை செட் தேவையில்லை.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தனிக் கருவி உண்டு. ஆனால் பள்ளிக்கூட ஸ்கேலே போதும். புதுச் செயினில் ஓர் ஊசியிலிருந்து 24ஆவது இடைவெளி வரை சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். அது 306.5ஐத் தொட்டால் மாற்றும் நேரம் நெருங்குகிறது. 308 என்றால் தாமதமாகிவிட்டது. நீண்டுபோன செயின் பின்சக்கரப் பற்சக்கரங்களையும் தேய்க்கும். பெரும்பாலும் செயினைவிட அவற்றின் விலை அதிகம்.

மலிவு பார்க்கக்கூடாத இடம்: பிரேக்

பொதுப் பாதையில் ஓட்டும் சைக்கிளில் குறைந்தது ஒரு கை பிரேக்காவது இருக்கவேண்டும். சிங்கப்பூரில் அது சட்டம். இருந்தால் மட்டும் போதாது, பிடிக்கவும் வேண்டும். விளிம்பைப் பிடிக்கும் ரப்பர் பட்டைகளில் பள்ளக் கோடுகள் இருக்கும். அவை மறைந்தால் மாற்றுங்கள். டிஸ்க் பட்டையில் உராயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்தால் மாற்றுங்கள். வடிவம் பிரேக்குக்குப் பிரேக் மாறும் என்பதால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவது நல்லது. செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் வழுக்கும். அதனால் ஸ்பிரே எண்ணெயைவிடச் சொட்டுக் குப்பியே மேல்.

ஹைட்ராலிக் பிரேக்கின் எண்ணெயை மாற்றுவது, சக்கரத்தின் கோணல் எடுப்பது இரண்டையும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். அவற்றுக்கான கருவிகள் ஆண்டுக்கு ஒருமுறை வேலைக்காக வீட்டில் இடத்தை அடைக்கும். மின்சைக்கிளின் மோட்டாரில் கை வைக்காதீர்கள். அதை மாற்றியமைப்பது குற்றம்.

இடப்பக்கப் பெடலைக் கழற்றப் போகிறீர்களா? அதன் மரை தலைகீழ். வழக்கமாக இறுக்கும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பலம் காட்டினால் இன்னும் இறுகும்.

வேலை முடிந்ததும் அழுக்கு நீரைப் புளோக்கின் கீழே இருக்கும் வடிகாலில் ஊற்றாதீங்க. சிங்கப்பூரின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. அந்த வடிகால் நீர் நீர்த்தேக்கத்துக்குப் போகக்கூடும். எண்ணெய்த் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.