வாசிப்பும் திரையும்

நூல் வாசிக்க மின்னூல் வாசிப்பானை வாங்குவதா, டேப்லெட்டை வாங்குவதா என்னும் கேள்வி இன்று பல இல்லங்களில் எழுகின்றது. விலையை ஒப்பிடுமுன், இவ்விரண்டும் வந்த வழியைச் சற்றே நோக்குவோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் தாளைப் போன்றதொரு திரையை நாடினர். அம்முயற்சியின் பயனாக 1997இல் ‘ஈ இங்க்’ நிறுவனம் தோன்றியது. நுண்ணிய குமிழ்களுக்குள் மிதக்கும் கருந்துகள்களும் வெண்துகள்களும் மின்விசையால் இடம்பெயர்ந்து எழுத்துகளாகின்றன. பின்னர் அப்படியே நின்றுவிடுகின்றன. பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. ஆகவேதான் ஒருமுறை ஏற்றிய மின்சாரம் வாரக்கணக்கில் நீடிக்கின்றது. 2004இல் ஜப்பானில் வெளிவந்த சோனியின் லிப்ரியேயும், 2007 நவம்பரில் வந்த அமேசானின் கிண்டிலும் இவ்வழி வந்தவை.

டேப்லெட்டைப் பரவலாக்கிய ஆப்பிளின் ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. அதன் ஒளிரும் வண்ணத் திரையில் நூலும் உண்டு. திரைப்படம், விளையாட்டு, மடல் யாவும் உண்டு. படங்கள் நிறைந்த நூல்களுக்கும், பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்ட பழைய நூல்களுக்கும் அதுவே வசதி என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், நாவலின் நடுவே ஒரு மணியோசை கேட்டு விரலை வேறிடம் நகர்த்தியவர்கள், எத்தனை முறை திரும்பிவர மறந்திருக்கிறோம்! பழியைக் கருவியின்மேல் மட்டும் சுமத்தலாகாது. நம் மனம் அலைபாய்வது. அதை அறிந்தவர்க்கு, பலவற்றைச் செய்ய இயலாத கருவியே நல்ல துணை. வாங்குமுன் கருவியின் திறனை எண்ணுவோம். அதற்கும் முன் நம் பலவீனத்தை எண்ணுவோம்.