உயில் நிர்வாகி ஏமாற்றினால் நீதிமன்றம் நீக்கலாம்

அப்பா உயிலில் மூத்த அண்ணனை நிர்வாகியாக நியமித்துவிட்டுக் காலமாகிறார். கடை வாடகை அண்ணன் கணக்கில் சேர்கிறது. தங்கை கேட்டால், "பார்க்கலாம்மா" என்பதே பதில். நம் குடும்பங்களில் இது புதிதல்ல.

1959ஆம் ஆண்டு உயில் மெய்ப்பிப்பு, சொத்து நிர்வாகச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, போதிய காரணம் இருந்தால் நிர்வாகிக்குத் தந்த அதிகாரத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். ஜொகூர்வாசிகளுக்கு ஜொகூர் பாரு, மூவாரில் உயர் நீதிமன்றங்கள் உள்ளன.

எது போதிய காரணம் என்று சட்டம் பட்டியல் போடவில்லை. சொத்தைக் குறைந்த விலைக்குத் தனக்கே விற்றுக்கொள்வது, வாடகையைச் சொந்தச் செலவுக்கு எடுப்பது, கணக்குக் காட்ட மறுப்பது போன்றவை எடுபடும். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை என்பது மட்டும் போதாது. சொத்து பாழாகிறது என்று காட்ட வேண்டும். எனவே முதலில் கணக்கை எழுத்து மூலம் கேளுங்கள். நீதிமன்றம் கோரினால், 62ஆவது பிரிவின்படி சத்தியப் பிரமாணத்துடன் அவர் கணக்கைச் சமர்ப்பித்தாக வேண்டும். அவசரமும் கூடாது: இறந்த ஓராண்டுக்குள் பங்கு பிரிக்க நிர்வாகியைக் கட்டாயப்படுத்த முடியாது.

பதவி போவதோடு முடியாது. இழப்பைச் சொந்தப் பணத்தில் ஈடுகட்ட உத்தரவு வரலாம். குற்றவியல் சட்டத்தின் 405ஆவது பிரிவு நம்பிக்கை மோசடிக்குக் காட்டும் முதல் உதாரணமே, உயில்படி பிரிக்காமல் தானே எடுத்துக்கொண்ட நிர்வாகிதான். அதற்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு.