கடவுச்சொல் வந்த வழி



ஒரு வீடு, அதில் ஒரு கணிப்பொறி. காலையில் தந்தையார் அதன்முன் அமர்ந்து வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். நண்பகலில் தாயார் தம் தமக்கையாருக்குக் கடிதம் எழுதுகிறார். மாலையில் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள், விளையாடவும் செய்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும் என்று எவரேனும் சொன்னால், “நமக்குள் என்ன பூட்டு?” என்ற கேள்வி உடனே எழும். அன்பிலிருந்து பிறக்கும் கேள்வி அது. எள்ளி ஒதுக்கத் தக்கதன்று. அதற்கு விடை காண வேண்டுமானால், கடவுச்சொல் எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்பதனை அறிதல் வேண்டும். அவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்லுதலே இன்று என் நோக்கம்.

அடையாளச் சொல் மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலிபியஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர், உரோமானியப் பாசறையில் அது வழங்கிய முறையை விரித்துரைக்கிறார். கதிரவன் மறையும் வேளையில், தேர்ந்தெடுக்கப்பட்ட வீரன் ஒருவன் படைத்தலைவரின் கூடாரத்துக்குச் சென்று, அன்றைய சொல் பொறித்த மரப்பலகையைப் பெறுவான். அப்பலகை சாட்சிகள் முன்னிலையில் ஓர் அணியிலிருந்து மற்றோர் அணிக்குக் கைமாறி, இருள் சூழுமுன் தலைவரிடமே திரும்ப வேண்டும். திரும்பாவிடில், அது எந்த இடத்தில் நின்றதென்று ஆராய்ந்து, பிழை செய்தவனைத் தண்டிப்பார்கள். அங்கே சொல் ஒன்று. அதனைப் பாசறை முழுவதும் அறியும். புறத்தே நிற்கும் பகைவனை அகத்தே விடாமல் தடுப்பதே அதன் தொழில்.

கணிப்பொறியின் கடவுச்சொல் வேறு தேவையில் பிறந்தது. அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1961ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்து காட்டினார்கள். ஒரே பெரிய கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்த இடந்தரும் நேரப் பகிர்வு முறை அது. அக்காலத்துக் கணிப்பொறி பெரும்பொருள் விழுங்குவது. ஆளுக்கொன்று என்பது கனவிலும் இல்லை. ஆதலின் ஒவ்வொருவருக்கும் இத்தனை மணி நேரம் என்று அளந்து கொடுத்தார்கள். அவரவர் கோப்புகளை அவரவரே கையாளும்படி பிரித்தும் வைத்தார்கள். வந்தவர் யார் என்று கணிப்பொறி அறிந்தாலன்றி இப்பங்கீடு நடைபெறாது. அதற்காகவே ஆளுக்கொரு கடவுச்சொல் ஏற்பட்டது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கருத வேண்டும். அக்கணிப்பொறியைப் பயன்படுத்தியவர்கள் பகைவர் அல்லர்; ஒரே கழகத்தில் பழகிய தோழர்கள். கூட்டுக் குடும்பத்தில் அவரவர் துணியை அவரவர் பெட்டியில் வைத்துக்கொள்வது போன்றதே அவ்வேற்பாடு.

ஆனால், பூட்டுப் பிறந்த உடனேயே அதைத் திறக்கும் வழியும் பிறந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையிட்ட அட்டை வழியே கணிப்பொறிக்குக் கட்டளை கொடுத்தார். அதுவும் அச்சிட்டுத் தந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அவரே இச்செய்தியை வெளியிட்டார். 1966இல் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. பணியாளர் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்று, நுழைவோர் அனைவருக்கும் காட்டப்படும் அன்றாட அறிவிப்பு. மற்றொன்று, கடவுச்சொற் கோப்பு. திருத்தும் கருவி இரண்டுக்கும் ஒரே தற்காலிகப் பெயரை வழங்கியதால் அவை இடம் மாறிவிட்டன. அதன்பின் நுழைந்த ஒவ்வொருவருக்கும் எல்லாருடைய கடவுச்சொற்களும் அறிவிப்பாகக் காட்சியளித்தன!

இவ்விபத்துகள் புகட்டிய பாடம் யாது? சொல்லை உள்ளபடியே எழுதி வைத்தால், என்றேனும் ஒருநாள் அது வெளிப்படும் என்பதே. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்து ரோஜர் நீதம் முதலியோர் 1960களிலேயே இதற்கொரு வழி கண்டனர். சொல்லை ஒரு கணக்கு முறையால் உருமாற்றி, அவ்வுருவையே சேமித்து வைத்தனர். அரைத்த மாவிலிருந்து நெல்மணியை மீட்க இயலாதது போல, அவ்வுருவிலிருந்து மூலச் சொல்லை மீட்டல் அரிது. நுழைபவர் தரும் சொல்லையும் அவ்வாறே அரைத்து, இரண்டும் ஒத்துள்ளனவா என்று மட்டும் கணிப்பொறி பார்க்கும்.

இயந்திரத்தின் குறை இவ்வாறு நீங்கியபோது, மனிதரின் குறை வெளிப்பட்டது. ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் என்னும் இருவர் 1979இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். மக்கள் தாமே தேர்ந்தெடுத்த 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றுள் 15 ஒரே எழுத்தால் ஆனவை; 72 இரண்டெழுத்துடையவை; 464 மூன்றெழுத்துடையவை. அகராதியில் உள்ள சொற்களையும் பிற குறுஞ்சொற்களையும் கூட்டினால், 2,831 சொற்கள், அதாவது நூற்றுக்கு 86, எளிதில் கண்டுபிடிக்கத் தக்கனவாக இருந்தன.

இனி வீட்டுக்கு வருவோம். 1970களின் பிற்பகுதியில் வீட்டுக் கணிப்பொறி விற்பனைக்கு வந்தபோது, கணக்கும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. அமர்ந்தவரே தலைவர். 1995இல் வந்த விண்டோஸ் பெயரும் சொல்லும் கேட்டது; ஆயினும் விலக்கு விசையை அழுத்தினால் வழிவிட்டது. அது கதவன்று; திரைச்சீலை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, வீட்டிலுள்ளோர்க்குத் தனிக்கணக்கும், நிர்வாகி என்றும் வரம்புடையவர் என்றும் இருவகை உரிமையும் தந்தது. இருந்தும் தொடக்கத்தில் அமைக்கும் கணக்குகள் யாவும் நிர்வாகிகளாகவே, கடவுச்சொல் இன்றியே அமைந்தன. எல்லாரும் தலைவராகிய வீட்டில், ஒருவர் அறியாமல் ஏற்ற தீய நிரல், அனைவர் உடைமையையும் கெடுக்க வல்லதாயிற்று.

இவ்வரலாறு நமக்குக் கூறும் நெறி எளியது. நிரல்களை நிறுவுவதற்கென ஒரு நிர்வாகி கணக்கு இருக்கட்டும். அன்றாட வேலைக்கு அவரவர்க்கு வரம்புடைய கணக்கு இருக்கட்டும். பிள்ளையின் விளையாட்டு தந்தையின் வங்கியைத் தொடாது. தாயின் கடிதத்தைப் பிறர் தற்செயலாகவும் படியார். கடவுச்சொல் நீண்டதாக இருக்கட்டும். தொடர்பற்ற நான்கைந்து சொற்களின் கோவை நன்று. ஓரிடத்துச் சொல்லை மற்றோரிடத்தில் வழங்க வேண்டா. காரணமின்றி அடிக்கடி மாற்றவும் வேண்டா. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017இல் கட்டாய மாற்றத்தைக் கைவிட்டது. இன்னொன்று: கணக்கின் கடவுச்சொல் மட்டும் திருடனைத் தடுக்காது. வட்டைக் கழற்றி வேறு பொறியில் இணைத்தால் கோப்புகளைப் படிக்கலாம். அதற்கு மறையாக்கம் வேண்டும்.

இறுதியாக, நான் பெரிதும் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. வீட்டுத் தலைவர் ஒருவரே எல்லாச் சொற்களையும் மனத்தில் வைத்திருந்து திடீரென மறைந்தால், காப்புறுதிப் பத்திரமும், குடும்பப் படங்களும், கணக்குகளும் அவருடனே மூடிக்கொள்ளும். துயரத்தில் இருக்கும் மனைவி மக்கள், அடைத்த திரையின்முன் அமர்ந்து பெயர்களையும் பிறந்தநாட்களையும் தட்டிப் பார்க்கும் நிலை எவர்க்கும் வரலாகாது. முதன்மையான சொற்களைத் தாளில் எழுதி, உறையிட்டு, நகையும் பத்திரமும் வைக்கும் பெட்டியில் வைத்து, அஃது அங்குள்ளதென்பதை நம்பத்தக்க ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

கோர்பட்டோ 2019இல் தம் 93ஆம் வயதில் மறைந்தார். கடவுச்சொற்கள் பெருகிக் கொடுங்கனவு போலாகிவிட்டன என்று 2014இல் அவரே கூறியிருந்தார். ஆயினும் அவர் தொடங்கிய கருத்து பழுதற்றது. ஒன்றைப் பலர் பகிர வேண்டுமானால், அவரவர் பங்கு அவரவரிடம் பத்திரமாக இருத்தல் வேண்டும். “நமக்குள் என்ன பூட்டு?” என்பார்க்கு என் விடையும் அதுவே: ஒரே கூரையின்கீழ் வாழ்வோர்க்கும் தனித்தனிப் பெட்டி உண்டு, அதனால் எந்தக் குடும்பமும் பிரிந்ததில்லை.