தொலைநிலைக் கல்வியும் இணையவழிக் கல்வியும் ஒன்றா? பட்டம் செல்லுபடியாவது எப்போது?

கல்லூரிக்கு நேரில் செல்லாமல் பட்டம் பெறும் வழிகள் அனைத்தையும் 'அஞ்சல்வழிக் கல்வி' என்றே அழைக்கும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. ஆனால், தபால்காரர் கொண்டுவந்த பாடநூல் கட்டில் தொடங்கி கைப்பேசித் திரை வரை வந்துவிட்ட இம்முறை, விதிகளின்படி இப்போது இரண்டு தனித்தனி முறைகளாகும். எந்த முறையில், எந்தப் பாடத்தை, எந்த நிறுவனத்தில் பயிலலாம் என்பதை அறியாமல் சேர்வோர், சில ஆண்டுகள் கழித்துத் தங்கள் பட்டம் செல்லாது என்று அறிய நேரிடலாம்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020-இல் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகளின்படி, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான தொலைவை அச்சு நூல், மின்னணு ஊடகம், இணையம், அவ்வப்போது நடைபெறும் நேர்முக வகுப்பு ஆகியவற்றின் மூலம் ஈடுசெய்வது திறந்தநிலை மற்றும் தொலைநிலைக் கல்வி. படிப்பு முழுவதும் இணையத்தின் வாயிலாகவே நடத்தப்பட்டால் அது இணையவழிக் கல்வி. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று தொலைநிலைப் படிப்பைத் தனது ஆட்சி எல்லைக்குள் மட்டுமே நடத்த இயலும். இணையவழிப் படிப்புக்கு அத்தகைய எல்லை இல்லை.

இந்தியாவில் இக்கல்வி 1962-இல் தில்லி பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் படிப்புகளுடன் தொடங்கியது. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-இல் ஹைதராபாதில் நிறுவப்பட்டது. அதுவே இன்றைய டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ), 1987-இல் இரண்டு பட்டயப் படிப்புகளையும் 4,528 மாணவர்களையும் கொண்டு கற்பித்தலைத் தொடங்கியது.

தொடக்க கால முறையின் உயிர்நாடி பாடநூல் அன்று. 'ஒப்படைப்பு' எனப்படும் எழுத்துப் பயிற்சியே. மாணவர் வினாக்களுக்கு விடை எழுதி அனுப்புவார். ஆசிரியர் அதைத் திருத்தி, மதிப்பெண்ணுடன் தனது கருத்துரையையும் எழுதித் திருப்பி அனுப்புவார். முகம் பார்க்காத இருவருக்கு இடையே நிகழும் ஒரே உரையாடல் அது. கருத்துரை இன்றி மதிப்பெண் மட்டும் திரும்பி வந்தால், அங்குக் கல்வி நின்று தேர்வு மட்டுமே எஞ்சுகிறது.

அடுத்து வந்த தொழில்நுட்பங்கள் பாடத்தை வெகுதூரம் கொண்டு சென்றன. உரையாடலை அந்த அளவுக்கு வளர்க்கவில்லை. யுஜிசியின் உயர்கல்வி நிகழ்ச்சிகள் 1984 முதல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகின. 2000-இல் 'ஞான தர்ஷன்' கல்வி அலைவரிசை தொடங்கப்பட்டது. இவை பெரும்பாலும் ஒருவழிப் பாதை: ஒளிபரப்பு நேரத்தில் மின்சாரம் இல்லையெனில் பாடமும் இல்லை. கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட 'எஜுசாட்' செயற்கைக்கோளை இந்தியா 2004 செப்டம்பரில் விண்ணில் செலுத்தியது. அதன் இருவழி முனையங்கள் நிறுவப்பட்ட இடங்களில் மாணவர்கள் கேள்வி கேட்கவும் வழி பிறந்தது.

இணையம் வந்த பின்னர் நேரக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய 'என்பிடெல்' திட்டம் பொறியியல் விரிவுரைகளை அனைவருக்கும் திறந்துவிட்டது. 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிப் பயிலலாம். சான்றிதழ் தேவையெனில் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வெழுத வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்தில் பயிலும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் பெற, பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கலாம்.

ஆயினும், கணினி தானாகத் திருத்தும் கொள்குறி வினாக்கள் பழைய கருத்துரைக்கு ஈடாகா. விவாதப் பகுதியில் பதிவிட்ட ஐயத்திற்கு எவரும் பதிலளிக்காவிடில், நவீன முறையும் பழைய ஒருவழி ஒளிபரப்பாகவே சுருங்கிவிடுகிறது.

வசதிக் குறைவும் ஒரு தடை. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பின் 2017-18 கணக்கெடுப்பில், இணைய வசதி பெற்றிருந்த குடும்பங்கள் ஊரகத்தில் சுமார் 15 சதவீதம், நகர்ப்புறத்தில் 42 சதவீதம். அதன் பிறகு கைப்பேசி இணையம் பரவியது உண்மையே. ஆனால், வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால், அச்சிட்ட பாடநூலே மாணவிக்குத் துணை.

எல்லாப் பாடங்களையும் இம்முறையில் கற்பிக்க முடியாது என்பதை உச்சநீதிமன்றத்தின் 2017 நவம்பர் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய முன் அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் தொடர்பான வழக்கு அது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன; அவர்கள் தனித் தேர்வெழுதித் தேற வேண்டும் என உத்தரவிடப்பட்டது. அதற்குப் பின் சேர்ந்தோரின் பட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அப்பட்டங்களைக் காட்டிப் பணியில் சேர்ந்து பதவி உயர்வும் பெற்றிருந்தவர்களுக்கு அது பேரிடி.

பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம், மருந்தியல், கட்டடக்கலை உள்ளிட்ட பட்டப் படிப்புகளுக்குத் தற்போது தொலைநிலையில் அனுமதி இல்லை. 2025-ஆம் ஆண்டு சேர்க்கையிலிருந்து உளவியல், ஊட்டச்சத்தியல் ஆகியவையும் இப்பட்டியலில் இணைந்தன. அதே வேளையில், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கும் பட்டம், கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்திற்கு இணையானது என 2022 செப்டம்பரில் யுஜிசி தெளிவுபடுத்தியுள்ளது.

எனவே, சேரும் முன் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: நிறுவனத்தின் பெயர், குறிப்பிட்ட படிப்பின் பெயர், அனுமதி எந்தக் கல்வியாண்டுக்கு உரியது என்பது. ஒரு பல்கலைக்கழகத்திற்கு அனுமதி இருப்பதால் அது நடத்தும் அனைத்துப் படிப்புகளுக்கும் அனுமதி உண்டு என்று பொருளாகாது. 2024 முதல் மாணவர்கள் 'டெப்' அடையாள எண் பெற்றே சேர இயலும். சேர்க்கை, வகுப்பு, தேர்வு ஆகியவற்றைத் தனியார் முகவர்களிடம் ஒப்படைக்க விதிகளில் இடமில்லை. ஆகவே, 'பல்கலைக்கழகத்தின் கிளை' எனக் கூறிக்கொள்ளும் தனியார் மையத்தில் பணம் கட்டுவதற்கு முன், அம்மையத்தின் பெயர் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.